நாலு மூலையிலும் மஞ்சள்

இருங்கோ பிள்ளை, எழும்பிப் போகாதேங்கோ. வெளியில வைச்சு என்னோட கதைக்கக் கூடாதெண்டு உங்களுக்குச் சட்டம் இருக்கெண்டு எனக்கும் தெரியும். உள்ளுக்குப் போனாப் பிறகுதான் நான் தமிழில சொல்ல, நீங்கள் பொலிசுக்குப் பிரெஞ்சில சொல்ல வேணும். விளங்குது. நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். சுவரைப் பாத்துக்கொண்டு இருங்கோ, நான் கதைக்கிறன். ஒரு தமிழ்ப் பிள்ளை பக்கத்தில இருக்கேக்க வாயை மூடிக்கொண்டிருக்க என்னால ஏலாது. என்ர மனிசி புவனம் சொல்லுவா, உங்களை விசாரிக்கப் பொலிஸ் தேவையில்லை, ஒரு பிளேன் ரீ, வெறுந் தேத்தண்ணி, தந்தாப் போதுமெண்டு.

உள்ளுக்கு இப்ப மலர் இருக்கிறா. தவமலர். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனவ, கண்டிருப்பியள். அவவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அவ பிரெஞ்சு கதைச்சா வெள்ளைக்காரனே நிமிந்து இருந்துதான் கேப்பான். அவவுக்குப் பிறகு நான்.

நான் இராசநாயகம். நாயகம் அண்ணை எண்டாத்தான் சனத்துக்குத் தெரியும். ரயில் பெட்டி துடைச்சு ஓய்வெடுத்த ஆள். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல, ஆனாப் பிரசாவுரிமை எடுக்கேல்லை. அந்தப் பரீட்சையில கேக்கிற கேள்வியளை எனக்குத் தமிழில கேட்டாலும் பதில் தெரியாது. அகதிக்குக் குடுக்கிற வதிவிட அட்டையை, அந்தக் காட்டை, புதுப்பிச்சுப் புதுப்பிச்சு இருக்கிறன். அதால எனக்கு வோட்டு இல்லை. இதை வடிவா நினைவில வைச்சிருங்கோ, பிள்ளை. வோட்டில்லாத மனிசன்தான் உங்களோட கதைக்கிறன்.

மலர் எங்கட நகரசபையில வேலை. இருபது வயசில வந்து, அதே கட்டடத்தில விடியப்புறம் நிலம் கூட்டினவ. கூட்டிக் கூட்டியே படிச்சு, சோதினை பாஸ் பண்ணி, பிறப்பு, இறப்பு, கலியாணம் பதியிற கவுண்டரில போய் இருந்திட்டா. இந்தப் பக்கத்தில இருக்கிற எங்கட சனத்தின்ர பிள்ளையள் எல்லாற்ற பேரையும் அவதான் எழுதினவ. எங்கட நீட்டுப் பேருகளை வெள்ளைக்காரர் எழுதினா என்ன கோலம் வருமெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. மலர் வந்தாப் பிறகு அந்தக் கரைச்சல் இல்லை.

ஆனா ஒரு கதை சொல்ல வேணும். என்ர மூத்தவளின்ர கலியாணப் பதிவுக்குப் போறன். பெரிய வரிசை. மலர் என்னைக் கண்டிட்டா. நான் மெல்லமாக் கையைக் காட்டினன். அவ சிரிச்சா, சிரிச்சுப்போட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டா. ஒரு ஆபிரிக்க மனிசி, பிறகு ஒரு கிழவன், பிறகு ஆரோ ஒருத்தி தள்ளுவண்டிலோட. நான் ஒண்டரை மணித்தியாலம் நிண்டன், பிள்ளை. கேட்டதுக்கு, "அண்ணை, நீங்களும் வரிசையில வந்தவர்தானே" எண்டு சொன்னா. எனக்கு அது கொஞ்ச நாள் மனசில இருந்தது. பொய் சொல்லேல்லை, இருந்தது. அப்பிடிப்பட்ட மனிசியைத்தான் இண்டைக்கு வோட்டு வாங்க அடையாளம் வைச்சவ எண்டு கூட்டிக்கொண்டு வந்து விசாரிக்கினம்.

பாராளுமன்றத் தேர்தலில நிண்டு வோட்டுக் கேக்கப் போறன் எண்டு அவ சொன்ன நாள் நான் சிரிச்சுப்போட்டன். கட்சி இல்லை. காசு இல்லை. எங்கட ஆக்கள் இந்தத் தொகுதியில கொஞ்சப் பேர், அதிலயும் வோட்டு இருக்கிறவை இன்னும் கொஞ்சம். "ஏன் பிள்ளை உனக்கு உந்த வேலை?" எண்டு கேட்டன். அவ சொன்னா, "எத்தனை வருசமண்ணை கவுண்டருக்கு உள்ள இருந்து, சட்டம் இப்பிடித்தான், நான் ஒண்டும் செய்யேலாது எண்டு சனத்துக்குச் சொல்லுறது? சட்டம் எழுதுற இடத்தில ஒருக்காப் போய் நிண்டு கேக்க வேணும் போல கிடக்கு." வெல்ல மாட்டன் எண்டும் சொன்னா. "வெல்ல வேண்டாம். எங்கட ரெண்டு பள்ளிக்கூடத்திலயாவது நான் முதலாவதா வர வேணும். வந்தா அடுத்த முறை எங்களைக் கேக்காமல் ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது." ரெண்டு பள்ளிக்கூடம் எண்டது எங்கட அடுக்குமாடியளுக்குப் பக்கத்தில இருக்கிற வோட்டுப் போடுற இடங்கள். அவ ஆசைப்பட்டது அவ்வளவுதான். பெரிய ஆசையே, சொல்லுங்கோ? சரி, சொல்ல வேண்டாம்.

அவவோட கூட நிண்டவர் ஒரு வெள்ளைக்காரர், தபால் கந்தோரில வேலை செய்து ஓய்வெடுத்தவர். இந்த நாட்டில ஒருத்தர் தேர்தல் கேட்டா, அவருக்கு ஏதும் நடந்தால் எண்டு இன்னொருத்தரின்ர பேரையும் போட வேணும். நல்ல மனிசன். எங்கட மீன் ரோல்சுக்கு உயிரை விடுவார்.

கூட்டம் நடக்கும், சனிக்கிழமையில. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை. பிரெஞ்சு தெரிஞ்சவை துண்டுப்பிரசுரம் எழுதினவை. இளம் ஆக்கள் போனில என்னவோ செய்தவை. எனக்குத் தேத்தண்ணி ஊத்துற வேலை. பெரிய கேத்தில் ஒண்டைத் தந்து, நாயகம் அண்ணைதான் ரீ எண்டு சொல்லிப்போட்டினம். நான் கேத்திலை வாங்கீட்டன். ஆனாப் பாருங்கோ, இந்த ஊருக்கு முதல் வந்த தமிழன் நான். மலருக்கு முதல் வந்தவன். ஆரின்ர வீட்டுச் செத்தவீடெண்டாலும் முதல் போய் நிக்கிறவன். எனக்குக் கேத்தில்.

ஒரு சனிக்கிழமை மலர் வோட்டுத்துண்டைக் கொண்டுவந்து காட்டினவ. உங்களுக்குத் தெரியும்தானே, இந்த நாட்டில தேர்தல் கேக்கிறவையே தங்கட துண்டைத் தாங்களே அடிக்க வேணும். மேசையில எல்லாற்ற துண்டும் அடுக்கிக் கிடக்கும். வோட்டுப் போடுறவர் மறைப்புக்குள்ள போய் ஒண்டைக் கவரில வைச்சுப் பெட்டியில போடுவார். வீட்டில இருந்து கொண்டுபோன துண்டையும் போடலாம். அதையெல்லாம் மலர் விளங்கப்படுத்தினவ. துண்டில எழுதக் கூடாது, கிழிக்கக் கூடாது, ஒரு அடையாளமும் இருக்கக் கூடாது, இருந்தால் அது செல்லாது எண்டும் சொன்னவவாம். நான் அப்ப ரோல்ஸ் சூடாக்கிக்கொண்டு நிண்டனான். எனக்கு எழுதக் கூடாது எண்டது மட்டும்தான் கேட்டது. எழுதக் கூடாது. சரி. நான் எழுதேல்லை.

கூட்டம் முடியேக்க மலர் ரெண்டு பெட்டியைத் தூக்கி எனக்கு முன்னால வைச்சா. "அண்ணை, இது மேலதிகமா அடிச்சது. எங்கட ஆக்களின்ர தபால் பெட்டியளுக்குள்ள போட்டு விடுங்கோ. உங்களுக்குத்தான் எல்லாற்ற வீடும் தெரியும்." எனக்கு எப்பிடி இருந்ததெண்டு நினைக்கிறியள்? கேத்திலைக் கழுவக்கூட நிக்கேல்லை. பெட்டியளோட வீட்டை வந்திட்டன்.

வந்து ஒண்டை எடுத்து வெளிச்சத்தில பாத்தன். எங்கட கலியாண அழைப்புக் காட்டின்ர அளவு. நல்ல வெள்ளைக் கடதாசி. நடுவில பெரிசா தவமலரின்ர பேர். அதுக்குக் கீழ அந்த வெள்ளைக்காரரின்ர பேர். பொம்பிளை பேரும் மாப்பிளை பேரும் போட்ட மாதிரியே கிடந்தது. நான் புவனத்துக்குச் சொன்னன், இதைத் தபால் பெட்டிக்குள்ள போட்டாச் சனம் பீட்சா விளம்பரத்தோட சேத்துக் குப்பையில போடும். இதைக் கையில குடுக்க வேணும். கலியாணத்துக்குச் சொல்லுற மாதிரி, ரெண்டு பேருமாப் போய், உள்ள இருந்து, முறையாச் சொல்ல வேணும். தபாலில வந்த கலியாணக் காட்டுக்கு ஆர் வந்தவன்?

எங்கட பிள்ளையார் கோயில் டயர்க் கடைக்குப் பின்னால. கொண்டுபோய்ப் பெட்டியளைச் சாமிக்கு முன்னால வைச்சம். ஐயர் கேட்டார், ஆற்ற கலியாணம் எண்டு. எங்கட எல்லாற்றையும் எண்டு சொன்னன். அவர் பூ வைச்சு, தீபம் காட்டித் தந்தார். வீட்டை வந்து மேசையில அடுக்கி, ஒரு கிண்ணத்தில மஞ்சள் குழைச்சு வைச்சுக்கொண்டு இருந்தம். அவ துண்டைப் பிடிச்சுத் தர, நான் விரலால நாலு மூலையிலயும் தொட்டுத் தொட்டு வைச்சன். மஞ்சள் இல்லாமல் ஒரு நல்ல காரியத்துக்கான கடதாசி எங்கட வீட்டில இருந்து வெளியில போனதில்லை.

புவனம் ஒருக்காக் கேட்டவதான். "இஞ்சேருங்கோ, இது அரசாங்கக் கடதாசி எல்லோ, பூசலாமே? ஒருக்கா மலரைக் கேளுங்கோவன்." நான் என்ன சொன்னன் தெரியுமே? "மலர் எனக்குப் படிப்பிக்கிறதே? நீ துண்டைத் தா" எண்டு சொன்னன்.

பிறகு தட்டத்தில குங்குமம், சந்தனம், வெத்திலை எல்லாம் வைச்சுக்கொண்டு வீடு வீடாப் போனம். புவனம் கூறைச்சீலை கட்டினவ. நான் வேட்டி, மேல குளிர் ஜக்கெட். லிப்ட் வேலை செய்யாத கட்டடங்களில எல்லாம் ஏறினம். ஐயோ பிள்ளை, சனம் வாங்கின வடிவை நீங்கள் பாத்திருக்க வேணும். பொம்பிளையள் தலையைக் குனிஞ்சு குங்குமத்தை எடுத்து வைச்சு, துண்டை ரெண்டு கையாலும் வாங்கிக் கொண்டுபோய்ச் சாமிப் படத்தடியில வைச்சவை. வோட்டெண்டு ஒரு நாளும் போகாத ஆக்கள், "அண்ணை வீடு தேடி வந்து சொல்லுறார், போகாமல் விடேலுமே?" எண்டு சொன்னவை. நான் எல்லா வீட்டிலயும் ஒண்டு சொன்னன். அங்க மேசையில இருக்கிறதை எடுக்காதேங்கோ, இதைத்தான் போட வேணும், இது சாமியிட்ட வைச்சது.

வோட்டுப் போடுற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திச்சினம். நான் ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால இருக்கிற கோப்பிக்கடையில நிண்டன். காலையில ஒண்டும் நடக்கேல்லை. சனம் வந்தது, போட்டது, போனது. சீலையில வந்தவை. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்தவை. என்னட்ட வந்து, "அண்ணை, வந்திட்டம்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவை. பிள்ளை, அண்டைக்கு நான்தான் கலியாண வீட்டுத் தகப்பன்.

பின்னேரம் எண்ணினவை. இந்த நாட்டில எண்ணுறதை ஆரும் நிண்டு பாக்கலாம், வோட்டில்லாத நானும் பாக்கலாம். பெட்டியைக் கொட்டினவை. ஒருத்தர் கவரைத் திறந்து துண்டை விரிச்சார். விரிச்சிட்டு நிண்டார். மூலையைத் தடவினார். மோந்து பாத்தார், பிள்ளை. பக்கத்தில இருந்தவளிட்டக் குடுத்தார். அவளும் மோந்து பாத்தாள். அந்த வோட்டுச்சாவடித் தலைவர் வந்து பாத்தார். செல்லாது எண்டு சொல்லி அங்கால வைச்சினம். அடுத்ததை விரிச்சினம். அதிலயும் நாலு மூலை. செல்லாது. பிறகு ஒரு வேற ஆளின்ர துண்டு. பிறகு எங்கட மூண்டு சேந்து வந்தது. செல்லாது, செல்லாது, செல்லாது. அந்தக் கும்பி, செல்லாத துண்டுக் குவியல், வளந்துகொண்டே போச்சுது.

மலர் மேசைக்கு மற்றப் பக்கம் நிண்டவ. முதல் துண்டைக் கண்ட உடன அவவுக்கு விளங்கீட்டுது. தமிழிச்சிக்கு விளங்காதே? அவ நிமிந்து மண்டபத்தைச் சுத்தித் தேடினா. என்னைக் கண்டா. ஏசுற பார்வை இல்லை, பிள்ளை. ஏசியிருந்தா நான் தாங்கியிருப்பன். "ஓ, அண்ணையோ" எண்ட மாதிரி ஒருக்காப் பாத்திட்டுத் திரும்பவும் மேசையைப் பாத்துக்கொண்டு நிண்டா. கடைசி வரைக்கும் நிண்டவ.

அந்தச் செல்லாத துண்டுகள் செல்லியிருந்தா ரெண்டு பள்ளிக்கூடத்திலயும் மலர்தான் முதல். ஒரு பள்ளிக்கூடத்தில நானே கண்ணால பாத்தனான், மற்றதில எண்ணேக்க நிண்டவை சொன்னவை.

அதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்லை. வெண்ட ஆளின்ர பக்கத்தில நிண்டவன் படம் எடுத்திட்டான். காசு குடுத்து வோட்டு வாங்கிறவை, வாங்கின ஆள் போட்டாரோ எண்டு பாக்கத்தான் இப்பிடி அடையாளம் வைக்கிறவையாம். அதுக்காகத்தானாம் அந்தச் சட்டமே. இவ்வளவு துண்டிலயும் ஒரே அடையாளமெண்டா அது ஒரு கூட்டம் சேந்து செய்த வேலையாம். அடுத்த கிழமையே நகரசபை மலரைக் கவுண்டரால எடுத்து நிலக்கீழ் அறையில பழைய பைல் அடுக்க விட்டிட்டுது. விசாரணை முடியிற வரைக்குமாம். குற்றமெண்டு வந்தா வேலை போகும். எனக்கு ஒரு நம்பர் முந்தித் தராத மனிசி, பிள்ளை.

அவ எங்கட வீட்டை வந்தவ. குசினியில இருந்து புவனம் அழுதா, மலர் அவவைத் தேத்தினா. நான் சொல்லிப்போட்டன், அறியாமல் செய்துபோட்டன் தங்கச்சி, நல்லதுக்கெண்டு செய்தது எண்டு. "தெரியும் அண்ணை" எண்டு சொன்னா. பிறகு சொன்னா, "உங்களுக்குக் காட் புதுப்பிக்கிற நேரம். உங்கட பேர் இதில வந்தா அதை நிப்பாட்டிப் போடுவங்கள். நான் ஆர் செய்ததெண்டு தெரியாதெண்டு சொல்லுறன். உங்களைக் கூப்பிட்டா, நீங்களும் ஒண்டும் தெரியாதெண்டு சொல்லிப்போடுங்கோ." ஒரு பொய்யும் சொல்லாத ஆள் எனக்காகப் பொய் சொல்லப் போறா. எனக்கு அப்ப என்ன வந்ததெண்டு நினைக்கிறியள்? அழுகையே? இல்லை. நிம்மதி. வெக்கமில்லாமல் சொல்லுறன், அண்டைக்கு இரவு நல்லா நித்திரை கொண்டன்.

ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறியள்? அவதானே சொன்னவ. நானே கேட்டனான்? அவ படிச்சவ, அவவுக்குத் தெரியாததே எனக்குத் தெரியப் போகுது?

இல்லை. பொறுங்கோ.

காலையில ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னன் எல்லே. நடந்தது. பத்து மணியளவில நகுலன் போன் எடுத்தவன். பேக்கரியில வேலை செய்யிற நகுலன், அவனுக்கு வோட்டு மற்றப் பள்ளிக்கூடத்தில. "அண்ணை, இஞ்ச வாசலில வோட்டு வேலைக்கு நிக்கிற மனிசி என்ர கையில இருக்கிறதைக் கண்டிட்டு, இதில கறை இருக்கு, இது செல்லாது, மேசையில இருந்து புதுசு எடுங்கோ எண்டு சொல்லுறா. எல்லாருக்கும் சொல்லுங்கோ அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ" எண்டான். பத்து மணி, பிள்ளை. அரைவாசிச் சனம்கூட வரேல்லை. நான் வாசலுக்கு முன்னால தானே நிக்கிறன். வாறவை எல்லாரும் என்னட்ட வந்திட்டுத்தானே போயினம். துண்டை மாத்துங்கோ எண்டு ஒரு வசனம். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன்.

நான் நகுலனுக்கு என்ன சொன்னன் தெரியுமே? "அவள் சும்மா பயப்பிடுத்திறாள், நீ போட்டிட்டு வா" எண்டு சொல்லிப்போட்டு போனை நிப்பாட்டினன். நிப்பாட்டிப் பொக்கற்றுக்குள்ள வைச்சன்.

ஏனெண்டா, அப்ப நான் துண்டு குடுத்த பவளம் குடும்பம் ரோட்டைக் கடந்து வருது. தாய், தகப்பன், மருமகள், எல்லாரும் சீலை வேட்டி. துண்டைக் கைக்குட்டையில சுத்திக் கொண்டு வருகினம், கசங்கக் கூடாதெண்டு. அந்தச் சனத்திட்டப் போய், நான் வீடு தேடி வந்து தந்ததைக் குப்பையில போடுங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? சாமியின்ர மஞ்சள் கறையாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஆர் பூசச் சொன்னதெண்டு கேப்பினம். ரீ போடுற நாயகத்தை நம்பினதுக்கு இதோ பலன் எண்டு சொல்லுவினம். கும்பிட்டு உள்ள அனுப்பினன். அவைக்குப் பிறகு வந்தவையையும் அனுப்பினன். பின்னேரம் வரைக்கும் அனுப்பினன், பிள்ளை, ஒவ்வொருத்தரையும் சிரிச்சுச் சிரிச்சு.

நகுலன் புத்திசாலி, மேசையில இருந்த நல்ல துண்டை எடுத்துப் போட்டிட்டான். அவன் இப்ப என்னைக் கண்டா மற்றக் கரையால போறான். ஆனா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. புவனத்துக்குத் தெரியாது. மலருக்கு மஞ்சள் தெரியும், இது தெரியாது. அறியாமல் செய்த மனிசனுக்காகப் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சுக்கொண்டு அங்க உள்ளுக்கு இருக்கிறா. இதைக் கேக்கிற முதல் ஆள் நீங்கள். உங்கட பேர்கூட எனக்குத் தெரியாது.

இண்டைக்குக் காலமை வெளிக்கிடேக்க நினைச்சன், சரி, மஞ்சள் பூசினது நான்தான் எண்டு சொல்லுவம், அதோட மலர் தப்பிடுவா எண்டு. கிழவன், படிக்காதவன், சாமி பக்தி, எங்கட பழக்கம். அவங்களும் சிரிச்சுப்போட்டு விடுவங்கள், காட்டுக்கும் ஒண்டும் வராது. வடிவான கதை. எல்லாருக்கும் நல்லம். மலரும் வீட்டை வந்து எங்களோட சாப்பிடுவா. பிறகு நான் அவவின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?

இந்தா, கதவு திறக்குது. மலர்.

என்ன பிள்ளை, முடிஞ்சுதே? ஓம், நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான். ஓம், ஓம், குளிர் இல்லை. நீ சொன்னது நினைவிருக்கு. நீ கீழ போய்க் கோப்பி குடி, நிக்க வேண்டாம். போ பிள்ளை.

பாத்தியளே? ரெண்டு மணித்தியாலம் விசாரணையில இருந்த மனிசி, நான் சாப்பிட்டனோ எண்டு கேக்கிறா.

என்ர பேரைக் கூப்பிடினம். எழும்புங்கோ, பிள்ளை. நான் சொல்லுறதை நீங்கள் குறைக்கக் கூடாது, வடிவாக்கவும் கூடாது. முதல் அந்தப் பத்து மணி ரெலிபோனைச் சொல்லுவம். மஞ்சளைப் பிறகு பாப்பம். மஞ்சளில துவங்கினனெண்டா நான் அதோடயே நிண்டுபோடுவன்.